கிரேக்கமும் லத்தீனும் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

1957-ல், அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டெட் டர்னருக்கு அவருடைய அப்பா நீளமாக ஒரு கடிதம் எழுதினார். மகன் கிளாசிக்ஸை முதன்மைப் பாடமாக எடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை. விளம்பரப் பலகைத் தொழில் நடத்தியவர் அவர். நான் நடைமுறை பார்ப்பவன், கிரேக்கம் கற்றுக்கொண்டு நீ யாரோடு பேசப்போகிறாய், உலகத்தோடு ஒட்டாத நாலு பேராசிரியர்களைத் தவிர இதில் உனக்கு யார் துணை வருவார்கள் என்று கோபமும் வருத்தமுமாகக் கேட்டிருந்தார். மகன் அந்தக் கடிதத்தை மாணவர் பத்திரிகையில் அப்படியே போட்டுவிட்டார். பிறகு பொருளாதாரத்துக்கு மாறினார், பட்டம் வாங்காமலே கல்லூரியைவிட்டு வெளியே வரவேண்டியதாயிற்று, 1980-ல் சிஎன்என் தொடங்கினார். அதெல்லாம் வேறு கதை. எனக்கு அந்த அப்பாவின் கேள்விதான் முக்கியம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி கோயம்புத்தூரில் இதே விருப்பத்தைச் சொன்னால் வீட்டில் முதலில் வரும் வார்த்தையும் இதுதான்: "அதைப் படிச்சுட்டு என்னம்மா பண்ணுவ?"

நியாயமான கேள்வி. பணம் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார். அதற்கு, இது மனதை விரிவாக்கும், பண்பாட்டைச் சொல்லித்தரும் என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் போதாது. கிளாசிக்ஸ் படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள், ஏன் போக முடிகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று திறந்து சொல்லவேண்டும்.

முதலில் சொற்கள். கிளாசிக்ஸ் என்றால் அங்கே பொதுவாகப் பழைய கிரேக்கமும் லத்தீனும், அவற்றில் எழுதப்பட்ட இலக்கியம், வரலாறு, தத்துவம், அகழாய்வு எல்லாம் சேர்ந்த படிப்பு. லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்றதும் இங்கே பலர் ஓவியமும் நடனமும் சொல்லிக்கொடுக்கிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா, ஹேவர்ஃபோர்ட், கார்ல்டன், ஹோலி கிராஸ் போன்றவை இளங்கலைக்கென்றே இருக்கும் சின்னக் கல்லூரிகள். மொத்தமே ஆயிரத்து சொச்சம் முதல் மூவாயிரத்து சொச்சம் பேர்தான் படிப்பார்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம் எல்லாம் உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பு, ஏறக்குறைய 32 பாடங்கள், இரண்டாம் ஆண்டு முடிவில்தான் எது முதன்மைப் பாடம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். முதன்மைப் பாடத்துக்குப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூடுதல். மீதி முழுக்க வேறு எதுவும் படிக்கலாம். ஆராய்ச்சி மாணவர்கள் அநேகமாகக் கிடையாது என்பதால் முதலாண்டு வகுப்பையும் பேராசிரியரேதான் எடுப்பார்.

நம் ஊர்ப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டிய இன்னொரு விஷயம், அமெரிக்காவில் மருத்துவமும் சட்டமும் இளங்கலைக்குப் பிறகு படிக்கிற படிப்புகள். இங்கே பன்னிரண்டாம் வகுப்போடு எம்பிபிஎஸ் போய்விடலாம், சட்டத்துக்கும் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. அங்கே அப்படி இல்லை. சட்டப் பள்ளிக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் சரி. மருத்துவப் பள்ளிக்கும் அப்படித்தான், உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் என்று கேட்கிற பாடங்களை மட்டும் முடித்திருக்கவேண்டும், பட்டம் எதில் என்று கேட்பதில்லை. பதினெட்டு வயதில் எடுக்கும் பாடம் அப்படியே தலையெழுத்தாகிவிடாத ஓர் ஏற்பாடு அது. கிளாசிக்ஸ் படித்துவிட்டு டாக்டராகலாம் என்பது அங்கே அதிசயச் செய்தி இல்லை, வழக்கமான பாதைகளில் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'என்ன வேலை கிடைக்கும்' என்று பேசினால் பேச்சு ஓரிடத்துக்கும் போகாது.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது?

முதலாண்டு முழுக்க இலக்கணம். லத்தீனுக்குப் பல கல்லூரிகளில் வீலாக் எழுதிய பாடநூல்தான், 40 பாடங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அரசு உதவியோடு கல்லூரிக்கு வந்தபோது, புரூக்லின் கல்லூரியில் அவர்களுக்காக அவர் தயாரித்த பாடங்களிலிருந்து வளர்ந்த புத்தகம் அது, 1956-ல் வெளிவந்தது. பள்ளியில் லத்தீன் தொடாத, வயதில் மூத்த, அவசரத்திலிருந்த ஆட்களுக்காக எழுதியது என்பதாலோ என்னவோ, இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு அது சரிப்பட்டு வருகிறது. அதை முடித்ததும் இரண்டாம் ஆண்டில் சீசர், சிசரோ, வெர்ஜில் என்று பழைய ரோமானியர்கள் எழுதிய மூலத்துக்குள் நேரே இறக்கிவிடுவார்கள்.

அந்த வகுப்பில் ஆறு பேர், எட்டு பேர் இருப்பார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று வரிசையாக வாசித்து, மொழிபெயர்த்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அந்த உருவில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். பின் பெஞ்சில் பதுங்க இடமில்லை, ஏனென்றால் பின் பெஞ்சே இல்லை. வெர்ஜிலின் காவியத்தில் முதல் காண்டத்தில் ஒரு வரி வரும்: 'சுன்ட் லக்ரிமாய் ரேரும் எட் மென்டெம் மோர்டாலியா டங்குன்ட்'. டிராய் நகரம் அழிந்து, கடலில் அலைந்து, கார்த்தேஜில் கரையேறிய ஈனியாஸ், அங்கே ஒரு கோயில் சுவரில் தன் ஊர்ப் போரே சித்திரமாக வரையப்பட்டிருப்பதைப் பார்த்துச் சொல்வது. இரண்டாம் பாதி கடினமில்லை, அழியக்கூடியவை மனத்தைத் தொடுகின்றன. முதல் பாதியில்தான் எல்லோரும் நிற்பார்கள். 'லக்ரிமாய்' கண்ணீர், 'சுன்ட்' உண்டு, 'ரேரும்' என்பது 'ரேஸ்' என்ற சொல்லின் பன்மையில் ஆறாம் வேற்றுமை. பொருள்களின் கண்ணீர். பொருள்கள் சிந்தும் கண்ணீரா, பொருள்களுக்காகச் சிந்தும் கண்ணீரா? 'ரேஸ்' என்பது பொருளா, நடந்த சம்பவமா, உலக வாழ்க்கையா? மூன்று சொல், அரை மணி நேரம் போய்விடும்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதில்லை. 'இராமனது படம்' என்றால் இராமன் வைத்திருக்கும் படமா, இராமனைக் காட்டும் படமா, இராமன் வரைந்த படமா என்று நம் இலக்கண வகுப்பிலும் கேட்பார்கள். அதே ஆறாம் வேற்றுமை, அதே சிக்கல். மாணவர் ஒருவர் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு பேசவேண்டும், அந்தக் காட்சியில் அதற்கு முன் என்ன வந்தது, பின் என்ன வருகிறது, வெர்ஜில் அந்தச் சொல்லை வேறு எங்கே எப்படிப் பயன்படுத்துகிறார் என்று சான்று காட்டவேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மறுப்பார். கடைசியில் இரண்டும் நிற்கும் என்றுகூட முடிவாகலாம். ஆனால் 'ஏதோ சோகமாகச் சொல்கிறான்' என்று தாண்டிப் போக விடமாட்டார்கள்.

கிளாசிக்ஸ் தரும் வேலைப் பயன் என்று என்னைக் கேட்டால் நான் சொல்வது இதைத்தான், இந்தத் தாண்டிப் போகாத பழக்கத்தை. நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், வகுப்பில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொல்லின் ஈறு எதற்காக அங்கே இருக்கிறது என்று பதில் சொல்லிச் சொல்லி வருகிற பழக்கம். நாம் பெரும்பாலும் வாசிப்பது மேய்வதுதான். தெரிந்த சொல்லைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறோம். லத்தீனில் ஊகித்தால் இரண்டாவது வரியில் கையும் களவுமாகப் பிடிபடுவோம். தனக்குப் புரியவில்லை என்பது தனக்கே தெரிவது ஒரு திறமை, அதை வேலையில் கற்றுக்கொள்வதற்குள் நிறைய அடிபடவேண்டும்.

ஒப்பந்தம் எழுதும் வக்கீலுக்கு ஒரு காற்புள்ளி எங்கே விழுகிறது, 'மற்றும்' எதை எதோடு சேர்க்கிறது என்பதுதான் பிழைப்பு. நோயாளி சொன்னதையும் முந்தைய மருத்துவர் எழுதி வைத்ததையும் ஒப்பிட்டு எது பொருந்தவில்லை என்று கவனிக்கும் டாக்டருக்கும், வேறு யாரோ எழுதிய பழைய நிரலை வாசித்து அது என்ன செய்கிறது, என்ன செய்வதாகச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கும் மென்பொருள்காரருக்கும் இதே கதைதான்.

இங்கே வழக்கமாகச் சில பெயர்களை அடுக்குவார்கள். நானும் சொல்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. ஆந்தனி ஃபௌச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் கிரேக்க கிளாசிக்ஸோடு மருத்துவத்துக்கு வேண்டிய அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் படித்து 1962-ல் பட்டம் வாங்கினார், அப்புறம் கார்னெல் மருத்துவப் பள்ளி, அப்புறம் அமெரிக்காவின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் பல பத்தாண்டுகள் தலைவர். அடோபியை 1982-ல் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்ல்ஸ் கெஷ்கி, சேவியர் பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ் பட்டதாரி. பிறகு கணிதம், அதன் பிறகு கணினி அறிவியலில் முனைவர் பட்டம். கணினிப் புத்தகங்களுக்குப் பேர்போன டிம் ஓ'ரெய்லி ஹார்வர்டில் கிளாசிக்ஸ், கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரௌன் பெர்க்லியில் கிளாசிக்ஸ். எச்சரிக்கை என்னவென்றால், இந்த நால்வரும் எதையும் நிரூபிக்கவில்லை. ஜெயித்தவர்கள் பெயர்தான் நமக்குத் தெரியும். நான் இவர்களிடம் கவனிப்பது வேறொன்று, யாருமே கிளாசிக்ஸோடு மட்டும் நிற்கவில்லை, பக்கத்திலோ பின்னாலோ இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளில் கிளாசிக்ஸ் மாணவர்கள் மொழிப் பகுதியில் உயர்ந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று துறைகளின் இணையப் பக்கங்களில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். கிரேக்கத்தைத் தானே விரும்பி எடுக்கும் பிள்ளை ஏற்கெனவே வாசிப்பில் ஊறிய பிள்ளையாகத்தான் இருக்கும். அந்த மதிப்பெண்ணில் படிப்பு கொடுத்தது எவ்வளவு, பிள்ளை கூடவே கொண்டுவந்தது எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. லத்தீன் தெரிந்தால் ஆங்கிலச் சொல்வளம் பெருகும், மருத்துவச் சொற்கள் எளிதில் பிடிபடும் என்பதும் நிஜமே. 'ஹைப்போ' கீழே, 'ஹைப்பர்' மேலே என்று கிரேக்கம் தெரிந்தவர் குழம்பமாட்டார். ஆனால் அதற்கு ஒரு மாதம் போதும், நாலு வருடம் தேவையில்லை.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் ஓர் அனுகூலம் இருக்கிறது, இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மாணவருக்கு லத்தீனில் முதல் பெரிய முட்டுக்கட்டை வேற்றுமை. 'கனிஸ் ஹோமினெம் மோர்டெட்' என்றாலும் 'ஹோமினெம் கனிஸ் மோர்டெட்' என்றாலும் நாய்தான் மனிதனைக் கடிக்கிறது, கடிபட்டது யார் என்று இடம் சொல்லாது, ஈறுதான் சொல்லும் என்பது அவர்களுக்கு உடம்பில் ஏறவே சில மாதம் ஆகும். நமக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. நாய் மனிதனைக் கடிக்கிறது, மனிதனை நாய் கடிக்கிறது. லத்தீனில் ஆறு வேற்றுமை, நம்மிடம் எட்டு. 'அமோ, அமாஸ், அமத்' என்று வினையின் வாலிலேயே நான், நீ, அவன் தெரிவதும் நமக்கு நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்தான். 'உர்பே கப்டா' என்ற இரண்டு சொல்லை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் எழுதுவார்கள், 'நகரம் பிடிபட்டதும்' என்று நாம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம். வீட்டில் பேசும் மொழியின் இலக்கணம் இவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு அங்கே போய்த்தான் தெரியவரும்.

ஒரு காலத்தில் கிளாசிக்ஸே நேரடியாக வேலைக்கான படிப்பாக இருந்தது, அதுவும் நம் ஊரில் வந்து பார்க்கும் வேலைக்கு. மெக்காலே தலைமையிலான குழு 1854-ல் பரிந்துரைத்து, 1855-ல் லண்டனில் நடந்த இந்திய சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு இடமே இல்லை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நிலவரிக் கணக்குப் பார்க்க வரவேண்டியவரை ஹோமரை எவ்வளவு நன்றாக மொழிபெயர்க்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவிலும் 1828-ல் யேல் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டு, கிரேக்கமும் லத்தீனும் மனத்துக்குப் பயிற்சி என்று வாதாடியது. அந்த வாதத்தின் பின்னால் இன்னொன்றும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. அந்த மொழிகளைப் பள்ளியிலேயே படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும், ஆகவே அது ஒரு வேலியாகவும் நின்றது.

அந்த வேலியின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2021-ல் பிரின்ஸ்டன், கிளாசிக்ஸை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் படிக்கவேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. பள்ளியில் வாய்ப்புக் கிடைக்காதவர்களும் உள்ளே வரட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மொழியைத் தொடங்குவதற்கு வழி பண்ணிக்கொடுக்கவேண்டும், மொழியையே விருப்பப் பாடமாக்கினால் மேலே நான் சொன்ன அந்த மேசையும் அந்த அரை மணி நேரமும் போய்விடும். அதே ஆண்டு, வாஷிங்டனிலுள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகம் தன் கிளாசிக்ஸ் துறையைக் கலைக்கப்போவதாக அறிவித்தது. கறுப்பினத்தவருக்கென்று தோன்றிய பல்கலைக்கழகங்களில் கிளாசிக்ஸுக்குத் தனித் துறை இருந்த ஒரே இடம் அது. நாவலாசிரியர் டோனி மாரிசன் ஆங்கிலத்தோடு கிளாசிக்ஸைத் துணைப்பாடமாகப் படித்ததும் அங்கேதான். வேலி போட்டு வைத்த பாடத்துக்குள் கஷ்டப்பட்டு நுழைந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆட்கள் தேவைப்படாத துறையும் இல்லை இது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் ஊரில் ஒரு மாளிகையின் நூலகம் அப்படியே கரிந்து போனது. 1750-களில் தோண்டி எடுத்தபோது நூற்றுக்கணக்கான பப்பைரஸ் சுருள்கள் கரிக்கட்டை மாதிரி கிடைத்தன, பிரித்தால் உதிர்ந்துவிடும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகளாகச் செய்த வேலையை வைத்து, ஸ்கேன் எடுத்து, சுருளைக் கணினியிலேயே பிரித்து, எழுத்தைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று 2023-ல் ஒரு போட்டி அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் லூக் ஃபாரிட்டர் என்ற கணினி அறிவியல் மாணவர் முதல் சொல்லைக் கண்டெடுத்தார், 'பொர்ஃபுராஸ்', ஊதா என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் அவர் உட்பட மூவருக்கு 7,00,000 டாலர் பரிசு. திரையில் தெரிந்த கறுப்புக் கீற்றுகள் எழுத்துதானா, எழுத்தென்றால் எந்தச் சொல், அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் உட்காரும் என்று பார்த்துச் சொன்னது கிரேக்கம் தெரிந்த பப்பைரஸ் அறிஞர்கள். இசையும் உணவும் தரும் இன்பத்தைப் பற்றி ஒரு எபிக்கூரிய தத்துவவாதி எழுதியது என்று அவர்கள் வாசித்தார்கள். இரண்டு வேலையும் தெரிந்த ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே சின்னக் கல்லூரியில் கிரேக்கமும் கணினி அறிவியலும் இரட்டை முதன்மைப் பாடமாக எடுக்க முடியும், பலர் எடுக்கிறார்கள்.

நம் பக்கமும் இப்படி வேலை காத்துக்கிடக்கிறது. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பப்பைரஸ் ஏடு இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985-ல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கம், சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு, யானைத் தந்தம், கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில் என்ற வாசனை வேர் என்று கணக்கு, ரோமானிய அரசு வாங்கிய நாலில் ஒரு பங்கு வரியும் சேர்த்து. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்கிறதே (கறி என்றால் மிளகு), அந்த யவனர் மரக்கலத்தின் மறுமுனைக் காகிதம் இது. அந்த ஏட்டைக் கிரேக்கத்திலும் அந்தப் பாட்டைத் தமிழிலும் மூலத்திலேயே வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ரோமானிய வணிகத் தடயங்கள் கிடைத்த, புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டிய மார்ட்டிமர் வீலர் லண்டனில் கிளாசிக்ஸ் படித்தவர். கால்டுவெல்லுக்கு மொழி ஒப்பியலில் ஆர்வம் பிறந்தது கிளாஸ்கோவில் கிரேக்கப் பேராசிரியரின் வகுப்பில். வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார், திருக்குறளின் முதல் இரண்டு பாலையும் லத்தீனில் பெயர்த்தார். சீகன்பால்க்கின் தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலேயில் லத்தீனில்தான் அச்சானது. நம் மொழியைப் பற்றிய இந்தப் பழைய ஏடுகளை வாசிக்க நாம் இன்னும் அடுத்தவர் மொழிபெயர்ப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழைச் செம்மொழியாக அறிவிக்கவேண்டும் என்று 2000-ல் பெர்க்லியின் தமிழ்ப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் எழுதிய கடிதத்துக்கு அத்தனை எடை இருந்ததற்கு ஒரு காரணம், கிரேக்கத்தையும் லத்தீனையும் மூலத்தில் நிறைய வாசித்தவன் என்று அவரால் சொல்ல முடிந்தது.

ஆனால் ஆராய்ச்சியே வாழ்க்கை என்று போகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஆறேழு வருடம் ஆகும், அதன் பிறகு நிரந்தரப் பேராசிரியர் பணி கிடைப்பது மிக மிகக் கடினம், துறைகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. அதை மட்டுமே நம்பி இறங்கவேண்டாம். இதைவிட எளிதில் கிடைப்பது பள்ளியில் லத்தீன் ஆசிரியர் வேலை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் லத்தீன் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தேடுகிற பள்ளிகளும் உண்டு. தனியார் பள்ளிகளில் பட்டம் மட்டுமே பல நேரம் போதும், அரசுப் பள்ளியென்றால் மாநிலச் சான்றிதழ் வாங்கவேண்டும்.

இனி பணமும் விசாவும், நம்மவர்களுக்கு இங்கேதான் இடறும். இந்தக் கல்லூரிகளின் அறிவிப்புக் கட்டணம், தங்குவது சாப்பிடுவது எல்லாம் சேர்த்து, பெரிய பெயர்களில் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். முழுசாகக் கட்டிக் கிளாசிக்ஸ் படிக்கச் சொல்லி நான் எந்தக் குடும்பத்துக்கும் யோசனை சொல்லமாட்டேன், கடன் வாங்கி என்றால் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஆம்ஹர்ஸ்ட், போடின் மாதிரிச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமலே சேர்க்கை முடிவெடுத்து, சேர்த்தபின் தேவையான உதவித்தொகை முழுவதையும் தருகின்றன. போட்டி கடுமை, ஆனால் கதவு இருக்கிறது. விசாவில், படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க எல்லோருக்கும் கிடைப்பது 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் பட்டமென்றால் மேலும் 24 மாதம். கிளாசிக்ஸுக்கு அந்த 24 கிடையாது. அமெரிக்கக் குடிமகனுக்கு வராத இந்தச் சிக்கல் நம் பிள்ளைக்கு வரும். அதனால்தான் கணினி அறிவியலோ கணிதமோ சேர்ந்த இரட்டைப் பாடம் நம்மைப் பொறுத்தவரை ஒரு அலங்காரமில்லை, ஏறக்குறைய அவசியம்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையைவிட இதைப் பாருங்கள்: கிரேக்கத்தின் மேல்நிலை வகுப்பு ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறதா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையா, துறையில் எத்தனை பேராசிரியர்கள், ஓய்வுபெற்றவர் இடத்தில் ஆள் போட்டார்களா, லத்தீனே தெரியாமல் வந்தவர் நான்கு வருடத்தில் எந்த நூல்வரை போகிறார். துறைக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள், சின்னத் துறை என்பதால் அநேகமாக அவர்களுக்கு ஒவ்வொருவரையும் தெரிந்திருக்கும். கோடை விடுமுறைகளை வீணாக்கக்கூடாது, முதலாண்டிலிருந்தே எங்காவது பயிற்சி வேலைக்குப் போகவேண்டும், அது வக்கீல் அலுவலகமோ மருத்துவமனையோ பத்திரிகையோ எதுவானாலும் சரி. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'லத்தீன் படித்தேன்' என்று நிறுத்திவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'அறுபது வரிக்கு உரை எழுதினேன், கையெழுத்துப் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபடும் இடங்களில் எந்த வாசகத்தை ஏற்பது என்று முடிவெடுத்துக் காரணம் எழுதினேன்' என்றால் புரியும்.

இத்தனைக்கும் முன்னால், பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம், செலவே இல்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூல நூல்கள் இலவசம், எந்தச் சொல்லைத் தொட்டாலும் அகராதி விரியும். வீலாக்கின் பழைய பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். முதல் ஆறு பாடம் ஓடிவிடும். ஏழாவதில் மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்கள் வரும், எழுவாய் உருவத்தைப் பார்த்து மற்ற உருவங்களைச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ணவேண்டும். அந்தப் பக்கத்தில் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாளும் அவளே புத்தகத்தைத் திறக்கிறாளா என்று பாருங்கள்.